வண்டி வந்துவிட்டது

பிப்ரவரி, புதன்கிழமை. லியபாயாவில் கடற்காற்று.
நானூற்றுப் பத்து நாற்காலிகளுக்கு
எழுபத்து மூன்று பேர்.
எண்ணியது நான்தான்.
தட்டு ஏந்தி நிற்கும் வேலைக்காரிக்கு
முதல் அங்கத்தில் வேறென்ன வேலை?

காலி இருக்கை
கூடத்தில் இருப்பவர்க்கு வெறும் சிவப்புத் துணி.
மேடையிலிருந்து பார்த்தால்
சிரிக்கும் வாயில் விழுந்த பல்.
ஆகவே முன்னால் வாருங்கள் என்பதே என் கட்சி.
பால்கனித் தூணுக்குப் பின்னாலிருந்து
பாதி விஸ்வால்டிஸைப் பார்ப்பதற்கு
யாரும் இந்தப் பனியில் நடந்து வர வேண்டியதில்லை.

ஆனால் முறை ஒன்று உண்டு.
எங்கும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும்.
கோட்டை ஒப்படைத்து எண் வில்லை வாங்கி,
பூட்ஸைக் கழற்றி, பையில் கொண்டுவந்த
நல்ல செருப்புக்கு மாறி,
டிக்கெட்டில் உள்ள இடத்தில்தான் முதலில் உட்கார வேண்டும்.
முதல் மணி. இரண்டாம் மணி.
மூன்றாவது அடித்ததும்
வாசலில் நிற்கும் ஸ்கைத்ரிதேயைப் பார்க்க வேண்டும்.
கதவைச் சாத்திவிட்டு அவள் கூரையைப் பார்த்தால் அனுமதி.
கையேட்டைப் புரட்டினால் இல்லை.
விளக்கு மங்கும் அந்த ஏழெட்டு நொடிக்குள்
உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதுகு காட்டாமல்
முகம் காட்டி நகர்ந்து போய்விட வேண்டும்.
இருட்டிய பிறகு அசையக் கூடாது.
மேடையில் பேசுவது யாராக இருந்தாலும்.

யாராக இருந்தாலும் என்கிறேன், ஏனென்றால்
நாடகம் முழுக்க எனக்கு ஒரே வசனம்.
‘வண்டி வந்துவிட்டது.’
இரண்டு சொல்லுக்கு மூன்று வாரம் ஒத்திகை.
‘வண்டி’யில் அழுத்தம் வேண்டாம் என்றார் உல்டிஸ்.
பிறகு, ‘வந்து’வில் கொடுத்துப் பார் என்றார்.
பிறகு, எதிலும் வேண்டாம், மூச்சு மட்டும் போதும்.

அந்த மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறேன்,
ஒன்பதாம் வரிசையில் சாம்பல் சால்வைக்காரி ஒருத்தி எழுகிறாள்.
இருக்கை படாரென்று மடிகிறது.
கைப்பை, சால்வை, சாவிக்கொத்து
எல்லாம் தத்தம் பங்குக்கு ஒரு வசனம் பேச
நான்காம் வரிசை, நடு இருக்கை.

வண்டி வந்ததோ போனதோ
யாருக்குத் தெரியும்.
தட்டில் கிண்ணங்கள் கிலுகிலுத்தன.
அது நடிப்பு அல்ல.

நாசமாய்ப் போக என்று வைதேன், உள்ளுக்குள்.
பிறகுதான் கவனித்தேன்.
விஸ்வால்டிஸ் மண்டியிட்டுக் கதறுகிறார்,
எழுபத்திரண்டு தலைகள் அவர் பக்கம்.
அவள் தலை என் பக்கம்.
நான் தட்டை வைத்தால் அவள் பார்வையும் தட்டோடு இறங்குகிறது.
நான் திரைச்சீலையை ஒதுக்கினால்
தெருவில் என்ன என்று அவளும் எட்டிப் பார்க்கிறாள்.
தெரு இல்லை அங்கே.
ஒரு ஏணியும் தீயணைக்கும் வாளியும்தான்.

பதினோரு வருஷத்தில்
என்னைப் பார்ப்பதற்கென்று யாரும் டிக்கெட் வாங்கியதில்லை.
அவளும் அதற்கு வாங்கவில்லை. தெரியும்.
இருந்தாலும்.

இடைவேளையில் திரையின் ஓட்டை வழியே பார்த்தேன்.
தலைமுடியில் பனி உருகிச் சொட்ட ஒருவர்,
கையில் டிக்கெட்: நான்காம் வரிசை, நடு இருக்கை.
அவர் எதுவும் கேட்கவில்லை,
நாற்காலியின் எண்ணை ஒருமுறை பார்த்தார்.
அவளும் எதுவும் சொல்லவில்லை.
எழுந்தாள். இந்த முறை இருக்கையைக் கையால் பிடித்துச்
சத்தமில்லாமல் மடித்தாள்.
பக்கத்திலேயே ஆறு இடம் காலி. அவர் கைகாட்டினார்.
தலையசைத்து மறுத்து
ஒன்பதுக்கே திரும்பிப் போனாள்.
ஒருமுறை எழுப்பப்பட்டவர்க்கு
அப்புறம் எந்த நாற்காலியும் சரிப்படாது போல.

மேடை வெளிச்சம் நான்காம் வரிசை வரைதான் எட்டும்.
அதற்குப் பின்னால் கறுப்பு.
வந்தவர் நல்ல மனிதர்,
கண் இமைக்காமல் விஸ்வால்டிஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டாம் அங்கத்தில் எனக்குப் பேச்சே கிடையாது.
கடைசியில் சன்னலைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான்.

சாத்தினேன்.

மறுநாள் ஒப்பனை அறைக் கண்ணாடியில்
உல்டிஸ் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தார்:
தாழ்ப்பாள் ஏன் அவ்வளவு சத்தம்?